லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ரேங்க் ஆட்டங்களில் வசைமொழி: தடை விதித்தால் தீருமா?

மிட்லேன்மாறன்:
லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்னும் இணைய விளையாட்டில், தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டங்களில் முன்பின் தெரியாத ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்கிறோம். முதல் சில நிமிடங்களில் ஒருவர் இறந்துவிட்டால் போதும், "ஜங்கிளர் எங்கே தூங்குகிறான்?" என்று, காட்டுப் பகுதியில் திரிந்து மற்றவர்களுக்கு உதவ வேண்டியவரைக் கேட்டுத் தொடங்கும் சாட், அவரைப் பெற்றவர்களை இழுக்கும் வரை ஓய்வதில்லை. எதிரணியைவிடச் சொந்த அணியினரே அதிகமாக ஏசுகிறார்கள். ரிப்போர்ட் செய்கிறேன், தண்டனை வழங்கப்பட்டதாக அறிவிப்பும் வருகிறது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் அதையே செய்கிறார். இப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக நீக்கிவிட்டால் என்ன?

பழையசப்போர்ட்:
நீக்க வேண்டியவர்களை நீக்கத்தான் வேண்டும். ஆனால் அதனால் தீர்வது சிறு பங்குதான். இந்த விளையாட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனம் தன் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தபோது, எந்நேரமும் மோசமாக நடப்பவர்களால் விளைவது மொத்தத் தகாத நடத்தையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மட்டுமே என்றும், எஞ்சிய 87 விழுக்காடும் மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுபவர்களிடமிருந்தே வருகிறது என்றும் கண்டது. தோற்றால் ஐவருக்கும் ரேங்க் புள்ளி குறையும், நடுவில் வெளியேறினாலோ தண்டனை. அந்த அரைமணி நேர நெருக்கடியில் சாதாரண மனிதரும் வாய்விட்டுவிடுகிறார். எதிரணியுடனான சாட்டை அந்நிறுவனம் இயல்பாகவே அணைத்துவைத்து, வேண்டியவர்கள் இயக்கிக்கொள்ளலாம் என்று மாற்றியபோது, வசைப் பேச்சு மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. ஒருவரைக்கூடத் தடை செய்யாமல் கிடைத்த பலன் இது.

டாப்லேன்தமிழ்:
தண்டனை எப்படித் தரப்படுகிறது என்பதும் முக்கியம். 2011-இல் தொடங்கி 2014 வரை நடந்த டிரிபியூனல் முறையில், விளையாடுபவர்களே சாட் பதிவுகளைப் படித்து வாக்களித்தார்கள். சமூகமே தன் நெறியை வகுத்துக்கொண்டதால் அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் செய்தவருக்கே செய்தது மறந்துவிடும். எந்த வரிக்காகத் தண்டனை என்பதைச் சாட் பதிவுடன் காட்டியபோதுதான் பலர் திருந்தினார்கள்.

மதுரைவைப்பர்:
நீங்கள் அனைவரும் எழுத்துச் சாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மும்பை சர்வரில், ரயட்டின் இன்னொரு விளையாட்டான வலோரண்ட் ஆடுபவள். துப்பாக்கிச் சண்டை ஆட்டமான அதில் அணியினர் மைக்கில் பேசிக்கொள்வோம். பெண் குரல் கேட்ட மறுநொடியே தொடங்கும் பேச்சுக்குத் தோல்வியின் எரிச்சலைக் காரணம் காட்ட முடியாது. ஆட்டமே அப்போது தொடங்கியிருக்காது. "மியூட் செய்துவிடுங்கள்" என்கிறார்கள். மியூட் செய்தால் எதிரி குண்டு வைக்க எந்த சைட்டுக்கு (இடத்துக்கு) வருகிறான் என்ற தகவலும் போய்விடுகிறது. ஏசியவனுக்கு எந்த இழப்பும் இல்லை, எனக்கு ரவுண்டு போகிறது. குரல் உரையாடலைப் பதிவுசெய்து, புகார் வந்தால் ஆராயலாம் என்று 2021-இல் ரயட் தன் விதிகளை மாற்றியதை அந்தரங்கத்தின் பெயரால் பலர் எதிர்த்தார்கள். அந்தக் கவலை நியாயமானதே என்றாலும், நான் அதை ஆதரிக்கிறேன். எழுத்து தடயத்தை விட்டுச் செல்கிறது. பதிவாகாத குரல் என் சொல்லுக்கு எதிராக அவன் சொல் என்ற நிலையிலேயே என்னை நிறுத்துகிறது. மாறன் அவர்களே, உங்கள் அணியில் ஒரு பெண்ணை யாராவது ஏசினால், அவர் ரிப்போர்ட் செய்வார் என்று விட்டுவிடாமல் நீங்களும் செய்யுங்கள். "ஆட்டத்தைப் பாருங்கள்" என்று அதே மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.