எலிக்சரில் எழுதினாலும் ஜாவா மாதிரியே யோசிக்கிறேன், வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 9 வருடமாக ஜாவாவில் வேலை பார்த்தேன். இப்போது புது ப்ராஜெக்ட்டுக்காக எலிக்சர் என்ற ப்ரோக்ராமிங் மொழி. சிண்டாக்ஸ் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. யோசிக்கும் விதம்தான் மாற மறுக்கிறது.

ஒரு பில்லில் உள்ள விலைகளைக் கூட்ட வேண்டும். வெளியே டோட்டலை 0 என்று வைத்துவிட்டு, எனம்.ஈச் (பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் ஃபங்ஷன்) உள்ளே ஒவ்வொரு விலையாகக் கூட்டினேன். கடைசியில் பார்த்தால் டோட்டல் அதே 0. உள்ளே நடந்தது பழைய மதிப்பை மாற்றுவது இல்லை, அதே பெயரை ஒரு புது மதிப்புக்கு வைப்பது என்று புரியவே ஒரு சாயங்காலம் போனது. பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கித் தரும் எனம்.ரெட்யூஸ் போட்டதும் ஒரே வரியில் முடிந்தது. அந்த ஒரு வரி அவ்வளவு பிடித்துப்போனது, அதனால்தான் இதை ஒழுங்காகக் கற்க ஆசைப்படுகிறேன்.

இப்போது சிக்கல் வேறு. ஜாவாவில் கிளாஸ் எழுதிய இடத்திலெல்லாம் இங்கே ஜென்சர்வர் (தகவலை நினைவில் வைத்துக்கொண்டு, வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் தனி ப்ராசஸ்) எழுதிவிடுகிறேன். டாக்ஸ் கணக்கிடக்கூட ஒன்று வைத்திருக்கிறேன்! அதில் நினைவில் வைக்க எதுவுமே இல்லை, ஆனால் எல்லாக் கோரிக்கைகளும் அந்த ஒரே ப்ராசஸின் வாசலில் வரிசையில் நிற்கின்றன.

வெறும் ஃபங்ஷன் போதும், இதற்குத்தான் ப்ராசஸ் வேண்டும் என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? ஜாவா பக்கத்திலிருந்து வந்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம், யாராவது அரை மணி நேரம் என் ப்ரோக்ராமைப் பார்த்துத் தர முடியுமா? மொத்தமே 200 வரிதான்.