'அன்ஏர்ன்ட் ரன்': 'ஈட்டாத ஓட்டம்' சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் 'அன்ஏர்ன்ட் ரன்' (தடுக்கும்போது நேர்ந்த பிழையால் வந்து, பந்து வீசியவரின் கணக்கில் ஏறாத ஓட்டம்) என்பதற்கு 'ஈட்டாத ஓட்டம்' என்று போட்டிருக்கிறோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ஆனால் எனக்குப் பிடித்த ஓர் ஆட்டத்தின் கணக்கில் அதைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை.

1959 மே 26, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் வீசி, வந்த 36 பேரையும் வரிசையாக அவுட்டாக்கிவிட்டார். ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸிலேயே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் அது. எதிரணியான பிரேவ்ஸின் லூ பர்டெட் 12 ஹிட் கொடுத்தும் ஓட்டம் மட்டும் கொடுக்காததால் நீண்டுகொண்டே போனது.

13ஆவது இன்னிங்ஸ். ஃபீலிக்ஸ் மான்டியா தரையோடு அடித்த பந்தை மூன்றாம் தளத்தில் இருந்த டான் ஹோக் எடுத்து எறிகிறார். எறி பிசகுகிறது, மான்டியா முதல் தளத்தில் பிழைத்துக்கொள்கிறார். எடி மேத்யூஸ் பந்தைத் தட்டிவைத்துத் தான் அவுட்டாகி, மான்டியாவை இரண்டாம் தளத்துக்கு நகர்த்துகிறார். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே நடக்கவிடுகிறார்கள், அதாவது அடிக்க வாய்ப்புத் தராமல் வீசி முதல் தளத்தைச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள். அடுத்து வந்த ஜோ அட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புகிறார்!

மூன்று ஓட்டம் கிடைத்திருக்கும். ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டதென்று ஆரன் ஓடுபாதையை விட்டு விலகிவிட, அட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட்டார். அப்படித் தாண்டினால் அவுட். கடைசியில் அந்த அடியை இரண்டு தள அடியாகக் குறைத்து, 1-0 என்று பதிந்தார்கள்.

ஹாடிக்ஸின் ஆட்டக்கணக்கு இது: 12⅔ இன்னிங்ஸ், ஹிட் 1, ஓட்டம் 1, 'ஏர்ன்ட் ரன்' 0. ஓட்டம் எடுத்த மான்டியா தளத்துக்கு வந்ததே எறி பிசகியதால்தான். அதனால் அந்த ஓட்டம் ஹாடிக்ஸின் வீச்சுக்கணக்கில் ஏறவில்லை.

வேலிக்கு அப்பால் அடித்து வாங்கிய ஓட்டத்தை 'ஈட்டாத ஓட்டம்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? அட்காக் உழைக்காமல் பெற்றார் என்றல்லவா தோன்றும்? இந்தக் கணக்கு அடித்தவரைப் பற்றியதே அல்ல. ஓட்டத்தை வீச்சின் மேல் எழுதுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கிரிக்கெட்டில் கேட்சை விட்டுவிட்டால் அப்புறம் அந்த மட்டையாளர் அடிப்பதெல்லாம் வீசுகிறவர் தலையில்தான் விழும். பேஸ்பாலில் அப்படியில்லை. நம் வாசகருக்குப் புதிதான இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிட்டால் நல்லது.

என் பரிந்துரை: 'வீச்சுசாரா ஓட்டம்'. 'அமைப்புசாரா', 'அரசுசாரா' எல்லாம் நாளிதழில் தினமும் புழங்குவதால் காதுக்கு உறுத்தாது. எதிர்ச்சொல் 'வீச்சுசார் ஓட்டம்', இ.ஆர்.ஏ. ('ஏர்ன்ட் ரன் ஆவரேஜ்') என்பது 'வீச்சுசார் ஓட்டச் சராசரி' ஆகிவிடும். 'ஈட்டிய ஓட்டச் சராசரி' என்றால் மட்டையாளரின் சராசரி என்றுதான் நானே முதலில் படிப்பேன்.

'வீச்சாளர்சாரா' என்றால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் எழுதிவைத்தேன், அப்புறம் அடித்துவிட்டேன். வீச்சாளரே பந்தைத் தடுக்கும்போது தவறவிட்டால், அதனால் வரும் ஓட்டமும் இந்த வகைதான். அங்கே பிழை அவருடையது, ஆனால் வீச்சில் நேர்ந்ததல்ல. பின்னால் இருக்கும் கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டு வரும் ஓட்டமும் வீச்சுசாராதது. ஆனால் பந்தே கேட்சருக்கு எட்டாதபடி தாறுமாறாகப் போய் ஓட்டம் வந்தால் அது வீச்சைச் சேர்ந்தது. விதி ஆளைப் பார்க்கவில்லை, வீச்சைப் பார்க்கிறது.

'ஹிட்' என்பதை மேலே அப்படியே விட்டிருக்கிறேன். பட்டியலில் 'அடி' என்று இருக்கிறது. அடித்துப் பிடிபட்டாலும் அது அடிதானே? அவுட்டாகாமல், யார் பிழையும் இல்லாமல், தளம் சேர்த்த அடிக்கு மட்டும் ஒரு சொல் வேண்டும். 'தளமடி' என்று யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.