பரண்ல மூணு சாக்கு (சோடாக்கம்பெனி வீடு குழு)

ராஜி: பரண்ல மூணு சாக்கு நிறைய பழைய பாட்டில். நாளைக்கு 9 மணிக்கு பழைய சாமான்காரர் வர்றார். எடைக்குப் போட்டுடவா?

பெரியப்பா: போடாதே

பெரியப்பா: இரு, டைப் பண்றேன்

தினேஷ்: போச்சு 😄

அத்தை: அப்பாவோட பித்தளை மிஷினும் அந்தப் பரண்லதான் இருந்துச்சு. இருக்கா பாரு ராஜி

சித்தப்பா: அக்கா, காலையிலேயே ஆரம்பிக்காதீங்க

பெரியப்பா: முதல்ல வகை பிரிச்சு வை. கழுத்தைக் கிள்ளிவிட்ட மாதிரி பள்ளம் இருந்து உள்ள கோலி உருண்டா கோலி சோடா. ஹைரம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1872ல காப்புரிமை வாங்கின மாதிரி. அடி முட்டை மாதிரி இருந்து நிக்கவே நிக்கலைன்னா அதுக்கும் முந்தின மாதிரி. படுக்க வச்சாத்தான் தண்ணி பட்டு கார்க் ஈரமா இருக்கும். காஞ்சா சுருங்கி கேஸ் போயிடும். தகர மூடி அடிக்கிற வாயா இருந்தா 1892க்கு அப்புறம் வந்தது.

ராஜி: கோலி 40 இருக்கும். முட்டை 2

பெரியப்பா: 2ஆ!! அதைத் துணி சுத்தித் தனியா வை

தினேஷ்: பழசா புதுசானு எப்படிப் பாக்குறது

பெரியப்பா: பாட்டில் பக்கத்துல அச்சுக்கோடு, அதாவது அச்சு சேர்ற இடத்துத் தழும்பு, ஓடும். நகத்தால தடவிக்கிட்டே மேல போ. உதட்டுக்குக் கீழேயே நின்னா வாயைக் கையால முடிச்சிருக்காங்க, பழசு. உதட்டு மேலயும் ஏறினா மிஷின்ல செஞ்சது, புதுசு. கோலிக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்பாதே. கோலியை உள்ள போட்ட பிறகுதான் வாயையே முடிக்கணும். அதுல புடைப்பு எழுத்தைப் பாரு, எந்தக் கம்பெனி, எந்த ஊர்னு.

ராஜி: பச்சையா ஒண்ணு. மர்ரி ப்ரூவரினு இங்கிலீஷ்ல இருக்கு

அத்தை: அவர் குடிச்சதே இல்லை

தினேஷ்: யாரும் சொல்லலையே அத்தை

பெரியப்பா: ராவல்பிண்டிக்கு மேல மலையில கோரா கலி. 1860ல ஆரம்பிச்ச கம்பெனி, பட்டாளத்துக்கு பீர் ஊத்தினவங்க. ஜாலியன்வாலாபாக்ல சுடச் சொன்ன ஜெனரல் டயரோட அப்பா அங்க மேனேஜர்.

தினேஷ்: அந்த டயரா?

சித்தப்பா: அதைக் கொண்டு வந்தது பட்டாளத்து மாமாவாத்தான் இருக்கும்

அத்தை: அவர் டீ தவிர எதுவும் தொட மாட்டார்

ராஜி: வெந்நீர்ல சோடா உப்பு போட்டு ஊற வைக்கட்டுமா

பெரியப்பா: வெந்நீர் கூடவே கூடாது, விரிசல் விட்டுடும். பச்சைத் தண்ணியில வினிகர் கலந்து ராத்திரி முழுக்க ஊறட்டும். மத்த பாட்டில்ல ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்கலாம். கோலி பாட்டிலைக் குலுக்காதே, கோலியே இடிச்சு உள்ள சில்லு தெறிக்கும். கழுவினப்போ பளிச்சுனு இருந்து காஞ்சதும் திரும்ப வெளுத்துதுன்னா அது அழுக்கு இல்ல, கண்ணாடியே அரிச்சிருக்கு. தேச்சுப் பிரயோஜனம் இல்ல.

ராஜி: கழுத்துக்குள்ள கறுப்பா கல்லு மாதிரி

பெரியப்பா: வாஷர், கோலி வந்து அடைச்சு நிக்கிற ரப்பர் வளையம். ரப்பர் இறுகிப்போச்சு. கத்தி விடாதே, வாஷர் உக்கார்ற பள்ளத்து விளிம்பு பேந்துடும். ஊறினதும் மெல்லிசு கம்பியைக் கொக்கியா வளைச்சு இழு.

தினேஷ்: புது வாஷர் போட்டு என் ரிசப்ஷன்ல இதுலேயே பன்னீர் சோடா அடிச்சா?

பெரியப்பா: கேஸ் ஏத்தினா வெடிக்கும்டா. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒண்ணு போதும். கடையில வாங்கி இதுல ஊத்தி வை. கிளாஸ்ல ஊத்தும்போது கோலி தங்குற பள்ளம் ரெண்டும் கீழ்ப்பக்கம் இருக்கணும், இல்லேன்னா கோலி உருண்டு வந்து வாயை அடைச்சுக்கும்.

சித்தப்பா: 40ல எத்தனை முழுசு

ராஜி: 31. மிச்சத்துல கோலியே இல்லை

பெரியப்பா: கழுத்தை உடைச்சு எடுத்திருப்பீங்க. நீயும் செல்வமும்

சித்தப்பா: 🙏

அத்தை: எனக்கு 4 வேணும். முட்டை ஒண்ணு

தினேஷ்: முட்டை எனக்கு

ராஜி: அப்ப சாமான்காரரை வேண்டாம்னு சொல்லவா? போன் எடுக்க மாட்டேங்கிறார்

அத்தை: 9 மணிக்கு நானே வர்றேன். மிஷினையும் தேடணும்

சித்தப்பா: நாளைக்கு எனக்கு மதுரையில வேலை