ஊர்க் குடிநீர்ப் பம்பியை இணையத்தில் இணைச்சால் பாதுகாப்பு ஆர் பொறுப்பு?

முறிகண்டியான்:
வன்னியில கிராமக் குடிநீர்த் திட்டங்களைப் பாவனையாளர் சங்கங்கள்தான் நடத்துது. பம்பியைக் கைபேசியால இயக்கலாம் எண்டு இணைய இணைப்புக் குடுக்கிற ரவுட்டர் பூட்டச் சொல்லினம். அதை இணையத் தாக்குதலில இருந்து காக்கிறது அரசாங்கத்தின்ர வேலை. மீற்றர் பார்த்துப் பில் எழுதிற பொருளாளரிட்ட அந்தப் பாரத்தை ஏத்தக்கூடாது.

குளக்கட்டு:
அண்ணை, 2023 நவம்பரில அமெரிக்காவில அலிக்விப்பா ஊர்த் தண்ணிப் பம்பி நிலையத்தில இணையத் தாக்குதல் நடந்தது. பம்பியை இயக்கிற, யூனிட்ரோனிக்ஸ் கொம்பனியின்ர கட்டுப்பாட்டுக் கருவியைத்தான் தாக்கினவங்கள் பிடிச்சவங்கள். அந்தக் கருவிக்குக் கொம்பனி வைச்ச கடவுச்சொல் 1111. அதை மாத்தாமல் நேரே இணையத்தில விட்ட கருவியள்தான் அந்த நேரம் அகப்பட்டது. அங்க கையால இயக்க வழி இருந்தபடியால் தண்ணி நிக்கேல்லை. கருவியைப் பூட்டுற அண்டைக்கே கடவுச்சொல்லை மாத்தவேணும், அதுக்குக் கொழும்பில இருந்து அரசாங்கம் வரத் தேவையில்லை.

முறிகண்டியான்:
கொழும்பின்ர நிலையைப் பாருங்கோ. 2023 ஓகஸ்டில அரச முகில் சேவையை (அரச தரவுகளை இணையவழியாச் சேமிக்கிற இடம்) ரான்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிப்போட்டுக் கப்பம் கேக்கிற மென்பொருள், தாக்கி, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சலெல்லாம் போச்சு. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. அவையாலயே ஏலாததைச் சங்கம் செய்யுமோ?

குளக்கட்டு:
அதாலதான் சொல்லுறன், பாத்துக்கொண்டிருக்கேலாது. முதல் வேலை வயரிங். தாங்கியின்ர மிதவைச் சுவிச்சையும் கிணத்து நீர்மட்டம் பாக்கிற புரோப்பின்ர ரிலேயையும் (அது தானாத் திறந்து மூடுற சுவிச்சு) கொன்டக்டர், அதாவது பம்பிக்குக் கறண்ட் குடுக்கிற பெரிய சுவிச்சின்ர கொயிலோட தொடரா இணையுங்கோ. அப்ப ஆர் எங்க இருந்து 'ஓடு' எண்டாலும் தாங்கி நிரம்பினால் பம்பி நிக்கும், கோடையில கிணறு வத்தினாலும் வெறுமனே ஓடி எரியாது. மென்பொருளுக்குள்ள மட்டும் இந்தத் தடையை வைச்சால், உள்ளுக்கு வந்தவன் அதையும் அழிச்சுப்போடுவான். பனலில 'கை / தானியங்கி' சுவிச்சும் இருக்கவேணும். ரவுட்டரில போர்ட், அதாவது வெளியில இருந்து நேரே உள்ளுக்கு வாற வாசல், திறக்கவேண்டாம், விபிஎன் எண்ட பூட்டின தனி இணைப்பு வழியா மட்டும் உள்ளுக்கு வரவேணும். கருவியின்ர புரோகிராமை ரெண்டு பென் டிரைவில எடுத்து, ஒண்டை வேற கட்டடத்தில வையுங்கோ.

மாங்குளம் அக்கா:
தம்பிமார், ஒருத்தரை விட்டிட்டியள். வேலை முடிஞ்ச பிறகும் கருவி பூட்டின ஒப்பந்தக்காரர் தூரத்தில இருந்து உள்நுழையிற வழி திறந்தபடியே கிடக்கும். ஒப்படைக்கேக்க அந்தக் கணக்கை அழிக்கவேணும், கடவுச்சொல்லும் வயரிங் வரைபடமும் தரவேணும் எண்டு டெண்டரிலேயே எழுதவேணும். தராட்டில் கடைசிக் கொடுப்பனவை விடக்கூடாது.

முறிகண்டியான்:
அக்கா சொன்னது சரி, வயரிங்கையும் ஒப்புக்கொள்ளுறன். ஆனால் அந்தப் பென் டிரைவில இருந்து புரோகிராமைத் திருப்பி ஏத்தலாமோ எண்டு வருசத்தில ரெண்டு தரமாவது சோதிக்கவேணும். அதுக்கு வாற தொழில்நுட்பவியலாளரின்ர கூலியைத் தண்ணிக் கட்டணத்தில போடச் சம்மதியன். அதைப் பிரதேச சபை குடுக்கட்டும்.