மானின் மீது செம்புக் குண்டும் ஈயக் குண்டும்: எது எப்படி வேலை செய்கிறது?

கேள்வி: மலைமுகடு

பென்சில்வேனியாவின் நடுப்பகுதி மலைக்காடுகளில் உரிமம் பெற்று வெள்ளைவால் மான் வேட்டைக்குச் செல்பவன் நான். கடந்த பருவத்தில் .308 வின்செஸ்டர் துப்பாக்கியில், ஈயம் கலவாத 150 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) முழுச் செம்புக் குண்டைப் பயன்படுத்தினேன். ஏறத்தாழ 90 கெஜத் தொலைவில் பக்கவாட்டில் நின்றிருந்த ஆண் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாவின் மேற்பகுதியில் குண்டு பாய்ந்தது. மான் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, புதர்களுக்குள் நூறு கெஜம் போல ஓடி விழுந்தது. சுட்ட இடத்தில் கொஞ்சம் ரோமம் கிடந்ததே தவிர, ஒரு துளி இரத்தம்கூட இல்லை. குண்டு வெளியேறிய துளையும் என் கட்டைவிரல் நுழையும் அளவுதான் இருந்தது.

எங்கள் வேட்டைக் குடிலில் உள்ள மூத்தவர் ஒருவர், "செம்பு ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு போய்விடும், பழைய ஈயக் குண்டாக இருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும்" என்கிறார். குண்டு விரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டுமா? அடுத்த பருவத்திற்கு ஈயத்திற்கே திரும்புவது நல்லதா?

பதில்: ஓக்நிழல்

முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: மானைத் திறந்தபோது நுரையீரல்கள் எப்படி இருந்தன? துளையின் அளவையும் ஓடிய தூரத்தையும் விட அதுவே சரியான சாட்சி.

மான் ஓடியதைக் குண்டின் தோல்வியாகக் கருத வேண்டாம். மூளை, முதுகுத்தண்டு ஆகியவற்றில் படாத எந்தக் குண்டும் இரத்த இழப்பின் மூலமாகவே கொல்கிறது. இரு நுரையீரல்களும் சிதைந்து இரத்த அழுத்தம் முற்றிலும் வீழ்ந்த பின்னரும், மூளையில் எஞ்சியுள்ள பிராணவாயு பத்துப் பதினைந்து வினாடிகளுக்குப் போதுமானது; மிரண்டு ஓடும் மானுக்கு நூறு கெஜத்தைக் கடக்க அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே விழும் மான்களில் பெரும்பாலானவற்றுக்குத் தோள்பட்டையின் மேற்பகுதியிலோ முதுகெலும்பை ஒட்டியோ அடி பட்டிருக்கும். அது குண்டு பட்ட இடத்தின் விளைவு, உலோகத்தைப் பொறுத்ததன்று.

இரத்தத் தடம் இல்லாததற்கும் காரணம் உண்டு. விலாவின் மேற்பகுதியில் துளை விழுந்தால், கசியும் இரத்தம் முதலில் நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதியை நிரப்புகிறது. துளையின் மட்டத்திற்கு வந்த பிறகே வெளியே சொட்டுகிறது. நெஞ்சின் கீழ் மூன்றிலொரு பங்கில் சுட்டிருந்தால், அதே குண்டே கண்ணுக்குத் தெரியும் தடத்தைத் தந்திருக்கக்கூடும்.

மலைமுகடு

நன்றி ஐயா. நெஞ்சுக்கூடு முழுவதும் இரத்தம் தேங்கியிருந்தது. இரண்டு நுரையீரல்களும் நடுவில் கிழிந்து, கையில் எடுத்தால் உருவமில்லாமல் குழைந்திருந்தன. உட்புறம் விலா எலும்பு ஒன்று உடைந்திருந்தது.

பதில்: ஓக்நிழல்

அப்படியானால் குண்டு விரிந்திருக்கிறது. .308 குண்டின் விட்டம் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரியாமல் போயிருந்தால் வெளியேறும் துளை சுண்டுவிரலையே ஏற்றுக்கொள்ளாது. செம்புக் குண்டின் முனையில் உள்ள குழி, ஈரமான திசுவின் அழுத்தத்தால் இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி மடிகிறது. விட்டம் ஏறத்தாழ இரு மடங்காகிறது, எடை அநேகமாகக் குறைவதே இல்லை. மென்மையான ஈயக் குண்டோ விரியும்போதே சிதறி, எடையில் கணிசமான பங்கை வழியிலேயே விட்டுச்செல்கிறது. அதனால் உள்ளே காயம் அகலமாக இருக்கும். ஆனால் எலும்பு குறுக்கிட்டால் ஆழம் குறையலாம்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1946இல் கனடாவில் மூஸ் எனும் பெரிய மான் இன வேட்டையின்போது, சேறு படிந்த தடித்த தோலைத் தாண்டிக் குண்டுகள் ஆழமாகச் செல்லாததைக் கண்ட ஜான் நோஸ்லர், நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் கொண்ட 'பார்ட்டிஷன்' குண்டை உருவாக்கினார். முன்பாதி சிதறினாலும் பின்பாதி முழுதாகத் துளைத்துச் செல்லும் என்பதே அதன் அமைப்பு. முழுச் செம்புக் குண்டுகள் அந்தப் பாதையின் அடுத்த கட்டமே.

பதில்: பழையலீவர்

ஈயத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. 1895 முதல் புழக்கத்தில் உள்ள .30-30 தோட்டா, வினாடிக்கு 2,400 அடியைத் தாண்டாத வேகத்தில், மழுங்கிய ஈய முனைக் குண்டுகளைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக மான்களை வீழ்த்தி வருகிறது. அந்தக் குண்டுகள் அந்த வேகத்திற்காகவே அமைக்கப்பட்டவை. அதே மென்மையான குண்டை 3,000 அடி வேகத்தில் செலுத்தும் மேக்னம் துப்பாக்கியால் 40 கெஜத்தில் தோள்பட்டையில் சுட்டுவிட்டு, இறைச்சி இரத்தக் கட்டியாகிவிட்டதே என்று புலம்புவோரைப் பார்க்கிறேன். குறை குண்டில் இல்லை. குண்டுக்கும் வேகத்திற்கும் பொருத்தமில்லை.

செம்புக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் எல்லை உண்டு. அது திறப்பதற்கு ஈயத்தைவிடக் கூடுதல் வேகம் தேவை. பல செம்புக் குண்டுகள் 2,000 அடிக்குக் கீழே நம்பத்தக்க வகையில் விரிவதில்லை. தங்கள் மான் நின்ற 90 கெஜத்தில் .308 குண்டின் வேகம் 2,600 அடி அளவில் இருந்திருக்கும், எனவே அங்கே கவலை இல்லை. குழல் குட்டையான துப்பாக்கியில் 350 கெஜத்திற்கு அதே குண்டை நான் நம்பமாட்டேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அடி-பவுண்டு ஆற்றலைப் பார்த்துக் குண்டைத் தேர்ந்தெடுப்பது வீண். மானை அடையும்போது எவ்வளவு வேகம் எஞ்சியிருக்கும் என்று பாருங்கள்.

பதில்: சமையற்கட்டு

துளையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இறைச்சியை உண்ணப்போவது வீட்டிலுள்ள குழந்தைகளும்தாம். 2008இல் வடக்கு டகோட்டாவில், நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரிந்து, உணவு வங்கிகள் அதை வழங்க வேண்டாம் என்று மாநில அரசு அறிவுறுத்தியது. அதே ஆண்டு மினசோட்டா இயற்கை வளத்துறை, இறந்த செம்மறி ஆடுகளை மானுக்குப் பதிலாக வைத்துச் சுட்டு ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தது. வேகமாக விரியும் ஈயக் குண்டுகள், காயத்தின் பாதையிலிருந்து ஓர் அடி விலகிய இடங்களிலும் கண்ணுக்கும் நாவுக்கும் தட்டுப்படாத துகள்களை விட்டிருந்தன. காயத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்திற்கு வெட்டி எறிந்தால் போதும் என்ற வழக்கம் அத்தகைய குண்டுகளுக்குப் பொருந்தாது. ஈயக் குண்டுதான் வேண்டுமென்றால், வெளியுறையோடு உள்ளிருக்கும் ஈயம் சிதறாதபடி பிணைக்கப்பட்ட வகையை எடுத்து, தோள்பட்டையைத் தவிர்த்து விலாவில் சுடுவதே குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுவதுமாகத் தடை செய்யப்பட்டுள்ளது. வேட்டைக்காரர்கள் காட்டிலேயே விட்டுச்செல்லும் மான் குடலை உண்ணும் காண்டார் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்ததே அதன் பின்னணி. பென்சில்வேனியாவில் கழுகுகள் வேறு, குடற்குவியல் ஒன்றே.

பதில்: ஓக்நிழல்

செம்பிலேயே தொடர்வதாக இருந்தால் ஒரு யோசனை. ஈயத்தைவிடச் செம்பின் அடர்த்தி குறைவு என்பதால், ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். 130 கிரெயினுக்கு இறங்கிப் பாருங்கள். வேகம் கூடும், விரிவும் எளிதாகும், எடை சிதறாததால் ஆழம் குறையாது. குண்டை மாற்றியவுடன் பழைய குறி பொருந்தாது. குழலைச் செம்பு கரைக்கும் திரவத்தால் துடைத்துவிட்டு, நூறு கெஜத்தில் புதிதாகக் குறி அமைத்த பிறகே காட்டுக்குள் செல்லுங்கள்.