புது மெயில் சர்வர்: மெயில்டிரா எம்டிபாக்ஸா? கரண்ட் அடிக்கடி போற ஊரு

மண்டபம்கரை:
வணக்கம். நண்டு, கணவாய், எறா வாங்கி வெளிநாட்டுக்கு ஏத்துற சின்ன கம்பெனி, ஆபீஸ்ல 14 பேரு. பழைய சர்வர்ல மெயில் எல்லாம் எம்பாக்ஸ்ங்கற சேமிப்பு முறையில இருக்கு. போன வாடைக்காத்துல ஒருநா சாயங்காலம் கரண்ட் போச்சு, யூபிஎஸ் பேட்டரி செத்துக் கெடந்தது யாருக்கும் தெரியல, மறுநா பாத்தா கணக்கு பாக்குற அண்ணனோட 6 ஜிபி இன்பாக்ஸ் பாதியோட நிக்குது. அந்த நேரம் பாத்து பழைய மெயில அழிச்சிட்டு இருந்திருக்காரு. இப்ப புது பெட்டி, டெபியன் 13 லினக்ஸ், மெயில் அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், அத சேமிச்சு ஆளுக்குக் காட்ட டவ்காட். மெயில சேமிக்க மெயில்டிர் போடவா, பல மெயில ஒரே ஃபைல்ல போடுற எம்டிபாக்ஸ் வேகம்ங்கறாங்களே அதையா? ஆளுக்கு ஒரு லட்சம் மெயில் வரும், பாதி ஐஸ்பெட்டி போட்டோவும் சர்டிபிகேட் ஸ்கேனும்தான். பேக்கப் ராத்திரி ஆர்சிங்க்ல (மாறுன ஃபைல மட்டும் அனுப்புற புரோகிராம்) ராமநாதபுரத்துக்குப் போகும், லைன் ஆமை வேகம்.

கீழக்கரைக்காரன்:
மெயில்டிர் தம்பி, யோசிக்கவே வேணாம். எம்பாக்ஸ்ல ஃபோல்டர் மொத்தமும் ஒரே ஃபைல், நடுவுல ஒன்ன அழிச்சா பின்னாடி உள்ள அத்தனையையும் நகத்தி எழுதணும், அதுக்கு நடுவுல கரண்ட் போனதுதான் உங்க கதை. மெயில்டிர்ல மெயிலுக்கு ஒரு ஃபைல். டெம்ப், நியூ, கர்னு மூணு டைரக்டரி, வர்றது முதல்ல டெம்ப்ல முழுசா எழுதி முடிஞ்சாத்தான் நியூவுக்கு வரும், அதனால அரை மெயில் இன்பாக்ஸ்ல தெரியாது. கியூமெயில்ங்கற மெயில் சர்வர எழுதுன பெர்ன்ஸ்டைன் பண்ணது, ஃபைலப் பூட்டுற லாக்கும் வேணாம். உங்க ஆர்சிங்க்குக்கும் சுகம், புதுசு மட்டும்தான் போகும்.

மண்டபம்கரை:
நன்றி காக்கா. ஆனா இத்தன லட்சம் ஃபைலுக்கு ஐநோட் (ஃபைலுக்கு ஒன்னுனு டிஸ்க்ல வேண்டிய பதிவு) தீந்துராதா?

பாம்பன்பாலம்:
தீராது. லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல சும்மா ஃபார்மேட் பண்ணாலே 16 கேபிக்கு ஒரு ஐநோட் வைக்கும், 1 டிபி டிஸ்க்னா 6 கோடி கிட்ட. உங்களது 14 லட்சம். எம்டிபாக்ஸ் எங்க ஆபீஸ்ல ஓட்டிப் பாத்தேன், வேகம்தான், இல்லைங்கல, ஆனா மெயில அழிச்சாலும் டிஸ்க்ல இடம் திரும்பி வராது, தனியா டவ்காட்டோட டவ்அட்ம் பர்ஜ் கட்டளைய ஓட்டணும். நான் ஓட்ட மறந்துட்டு டிஸ்க் நெறஞ்சு ஒரு நாள் முழுக்க மெயில் வரல, முதலாளி முகத்த பாக்க முடியல. அதவிட பயம், படிச்சது படிக்காதது குறியெல்லாம் டவ்காட்டோட இண்டெக்ஸ் ஃபைல்ல மட்டும்தான் இருக்கும், இண்டெக்ஸ் கெட்டா குறியும் போச்சு. கரண்ட் நிக்காத எடத்துல அது வேணாம்.

ஆனா காக்கா சொன்ன ஆர்சிங்க் விஷயம் முழுசா சரியில்ல. மெயில்டிர்ல அந்தக் குறி ஃபைல் பேரு கடைசில எஸ் (படிச்சது), ஆர் (பதில் போட்டது)னு ஒட்டும். ஒருத்தர் மெயிலத் தொறந்தாலே பேரு மாறும், நியூலருந்து கர்ருக்கும் போயிரும், ஆர்சிங்க்குக்கு அது புது ஃபைல், அதே ஐஸ்பெட்டி போட்டோவ மறுபடி அனுப்பும். உங்க லைனுக்கு விடிஞ்சாலும் முடியாது. அந்தப் பக்கமும் டவ்காட் போட்டு டவ்அட்ம் பேக்கப் ஓட்டுங்க, அதுக்கு மெயிலையே அடையாளம் தெரியும்.

கீழக்கரைக்காரன்:
அட ஆமா, பேரு மாறுறத மறந்துட்டேன். இன்னொன்னு, டெபியன் 13ல டவ்காட் 2.4, மெயில் எங்க இருக்குனு சொல்ற பழைய மெயில்_லொகேஷன் செட்டிங் வரிய ஒட்டுனா ஏறாது, மெயில்_டிரைவர், மெயில்_பாத்னு ரெண்டா எழுதணும். பெட்டிய கடல் பக்க ஜன்னலோரம் வைக்காதீங்க, எங்க கடையில உப்புக்காத்துல ராம் பின்னு பச்சை புடிச்சு ஒரு மாசம் அலைஞ்சேன்.

மண்டபம்கரை:
சரி, மெயில்டிர்தான். பழைய எம்பாக்ஸ்ல சில மெயில்ல வரி ஆரம்பத்துல ஃப்ரம்னு இருந்தா முன்னாடி ஒரு அம்புக்குறி நிக்குது, அது வைரஸா?

பாம்பன்பாலம்:
இல்ல. எம்பாக்ஸ்ல ஃப்ரம்னு தொடங்குற வரிதான் அடுத்த மெயிலோட ஆரம்பம், உள்ள எழுதுன ஃப்ரம்ம பிரிச்சுக் காட்ட அந்தக் குறிய போடும். மாத்துனாலும் பழசுல அது அப்படியே நிக்கும், விட்டுருங்க. முதல்ல பேட்டரி வாங்குங்க.

மண்டபம்கரை:
நாளைக்கு ராமநாதபுரம் போறேன், வாங்கிட்டு வந்துதான் டிஸ்க்ல கை வைப்பேன்.