ரெவிட்: வெளியேறும் பாதை கதவைத் தவிர்க்கிறது

கேள்வி: கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில், அறை மூலையிலிருந்து படிக்கட்டு வரை ‘பாத் ஆஃப் டிராவல்’ (நடந்து செல்லும் மிகக் குறுகிய பாதையைக் காட்டும்) கோடு போட்டால், பக்கத்துக் கதவை விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறது. ஏன்?

பதில் 1: ‘ரூட் அனாலிசிஸ்’ (பாதைக் கணக்கீடு) அமைப்பில் கதவு வகையைத் தடைகளிலிருந்து விலக்குங்கள், இல்லாவிட்டால் கதவும் சுவர்தான். மேசை, அலமாரிகளை விலக்காதீர்கள். விலக்கினால் அவற்றின் ஊடாகவே கோடு போய், தூரம் குறைவாகத் தெரியும். அதுதான் பெரிய ஆபத்து.

பதில் 2: சுவரை நகர்த்தினால் கோடு தானாக மாறாது. தேர்ந்தெடுத்து ‘அப்டேட்’ கொடுங்கள்.

பதில் 3: இக்கருவி நீளத்தையும் நேரத்தையும்தான் தரும். கதவின் நிகர அகலத்தை (திறந்தால் கிடைக்கும் இடைவெளியை) ஷெட்யூலில், அதாவது கதவு அட்டவணையில், தனியே சரிபாருங்கள். கோடு ஒரே தளத்துக்குள் நின்றுவிடும். படிக்கட்டின் சாய்வு நீளத்தை நீங்களே கூட்ட வேண்டும். அறையின் ஆள் எண்ணிக்கையோடு கதவு அகலத்தை ஒப்பிடும் வசதி ரெவிட்டில் கட்டாயம் சேர வேண்டும்.